குடைக்காரி சோப்பு

அந்தப் பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதிக்கிறார்கள். மேலே துருத்திக்கொண்டிருப்பது சோப்புதானே? பச்சைத் தாள், குடை பிடித்த பெண். குடைக்காரி. சாத்தூரில் ரயில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பேர் நான் வைத்தது.

கம்பெனி என்னுடையது இல்லை. அவர்கள் திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறார்கள். நான் சிவகாசியில் ஒரு லேபிள் அச்சாபீசில் பேர் வைக்கிறவனாக இருந்தேன். சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்க மாமன் இருக்கிறான், ஜோசியர் இருக்கிறார். சீயக்காய்ப் பொடிக்கு யார் இருக்கிறார்? பல்பொடிக்கு? யாரோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று பல் தேய்க்கும்போது நினைக்கிறோமா? நானும் நினைத்ததில்லை. அந்த வேலை வருகிற வரைக்கும்.

இன்றைக்கு அந்தச் சோப்புக்கு நாற்பத்தைந்தாம் வருஷ விழா. ஐந்து மணிக்கு, ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். பேர் வைத்தவருக்கு மரியாதை உண்டு, கேடயம் உண்டு. எல்லாம் சரிதான். யாருக்கு என்பதில்தான் தகராறு. அழைப்பிதழில் என் பேர் இல்லை அம்மா. என் வீட்டில் இருந்தவளுடைய பேரைப் போட்டிருக்கிறார்கள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. கேடயத்தை அவள் சார்பில் கணவர் பெற்றுக்கொள்வார் என்று அடியில் ஒரு வரி. அந்தக் கணவர்தான் நான்.

போன் போட்டுக் கேட்டேன். சோப்புக் கம்பெனி முதலாளியின் மகன் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். “அப்பா டைரியில அப்படித்தான் எழுதியிருக்கு ஐயா. கேடயமும் அடிச்சாச்சு. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் மைக் தாரோம், நீங்களே மேடையில சொல்லிருங்க. வேணும்னா கேடயத்தை மாத்தி அடிச்சுத் தாரோம்” என்றான். அதற்குத்தான் போகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லித் திருத்திவிட்டு வர வேண்டும். பேச்சை எழுதி வைத்திருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது.

நீங்களே கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அச்சாபீசில் லேபிள் எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணும்போதே கழிவுத் தாளை எல்லாம் படிப்பேன். அப்படிப் படித்ததுதான் என் படிப்பு. அந்தக் காலத்தில் லேபிளுக்குப் படம்தான் முதலில் அச்சாகும், பேர் பிறகு. முதலாளி காளிராஜன் ஒரு ஆல்பம் வைத்திருப்பார். மயில், தாமரை, ஏரோப்பிளேன், பல்லைக் காட்டுகிற குழந்தை, எல்லாம் வண்ணத்தில் அச்சடித்துப் பேர் போடுகிற இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். பார்ட்டி வருவார், பக்கத்தைப் புரட்டுவார், விரலை வைப்பார். அந்தப் படத்துக்கு ஒரு பேர் வேண்டும். ஒரு நாள் ஒரு அப்பளக்காரர் ஏரோப்பிளேன் மேல் விரலை வைத்துவிட்டார். முதலாளி விழித்துக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டே, “மேலே எழும்பும்னு அர்த்தம் வர்ற மாதிரி வைக்கலாமே” என்றேன். அன்றைக்கே என்னைப் பேர் மேஜைக்கு மாற்றிவிட்டார்.

அங்கே எனக்கு என்று ஒரு முறை வைத்திருந்தேன். என் சொந்த முறை. பேரைக் காகிதத்தில் பார்க்கக் கூடாது, கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். அழகாக எழுதிவிடலாம் அம்மா, வாங்க வருகிறவள் வாயில் நிற்க வேண்டும் அல்லவா? அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். “கேளு” என்பேன். அவள் அடுப்படி நிலையில் வந்து நிற்பாள், கடை வாசலில் நிற்கிற மாதிரி. நான் பேரைச் சொல்வேன். அவள் கேட்பாள். “அண்ணாச்சி, இன்ன பத்தி ஒரு பாக்கெட்டு குடுங்க.” தடுக்காமல் வந்தால் பேர் நிற்கும். தடுக்கினால் அந்தப் பேரை அடித்துவிடுவேன். அவ்வளவுதான் அவள் வேலை. அவளை நான் வெறும் வாயாகத்தான் வைத்திருந்தேன். யோசனை எல்லாம் என்னுடையது.

உதாரணத்துக்கு ஒரு ஊதுபத்தி. ஸ்ரீ சௌந்தர்ய சுகந்த பரிமளம் என்று நான் எழுதியிருந்தேன். கேளு என்றேன். “நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவரு கடையை அடைச்சுட்டு வீட்டுக்குப் போயிருவாரு” என்றாள். எனக்குக் கோபம். சாம்பிள் பத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பின்கட்டிலிருந்து வந்து, “என்ன இது, யாரோ விருந்தாளி வந்துட்டுப் போன மாதிரி இருக்கு வீடு” என்றாள். குறுக்கே பேசாதே, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. விருந்தாளி ஊதுபத்தி. கேரளா வரைக்கும் போனது.

அப்படித்தான் தோன்றும். எப்போது தோன்றும் என்று சொல்ல முடியாது. ஒரு அப்பளம் வந்தது. “இதைக் கடிச்சா பக்கத்து வீட்டுல எட்டிப் பாப்பாங்க” என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு பொரித்துக்கொண்டிருந்தாள். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு யோசித்தேன். பக்கத்து வீட்டு அப்பளம். தோன்றிவிட்டது. பேர் வைக்கிறவனுக்கு வீட்டில் அமைதி வேண்டும் அம்மா. எனக்கு அது கிடைத்ததே இல்லை. ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அதற்கு நடுவில்தான் இத்தனையும் செய்தேன்.

வெள்ளரிக்காய் வேண்டுமா? வாங்கிக்கொள்ளுங்கள், பிஞ்சாக இருக்கிறது. சாத்தூரில் ஏறினவன், கோவில்பட்டி வரைக்கும் இதே பெட்டியில்தான் இருப்பான்.

சோப்புக்கு வருகிறேன். எழுபத்தொன்பதாம் வருஷம். ஒரு குடைக் கம்பெனிக்காரர் இருபதாயிரம் லேபிள் சொல்லியிருந்தார். பச்சை நிறத்தில், சேலை கட்டின பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படம் அச்சாகிவிட்டது. அந்த வருஷம் மழையே இல்லை. ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கட்டுக்கட்டாக மூலையில் கிடந்தது. அப்போதுதான் பேட்டையிலிருந்து தவசிக்கனி அண்ணாச்சி வந்தார். துணி சோப்பு போடுகிறார், புதுசு. ஆல்பத்தைப் புரட்டவே இல்லை. மூலையில் கிடந்ததைப் பார்த்து, “அது சும்மாதான கிடக்கு, அதையே போடும்வே” என்றார். சோப்புக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி கேட்டார். “வெயில் அடிச்சாத்தான துணி காயும்? வெயில் அடிச்சாத்தான குடை பிடிப்பா?” என்றார். முதலாளி ஆல்பத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பேரும் அவரே கொண்டுவந்திருந்தார். அவருடைய அப்பா பேர். மாடசாமி. மாடசாமி சோப்பு.

எனக்கும் மாடசாமிதான் பேர். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளே ஒரு குளுமை, பொய் சொல்லக் கூடாது. ஆயிரம் பொருளுக்குப் பேர் வைத்தவன், என் பேரும் ஒரு தாளில் ஏறட்டுமே என்று இருந்தது. இருந்தாலும் முறை முறைதான். வீட்டுக்குப் போய், “கேளு” என்றேன்.

வந்து நின்றாள். “அண்ணாச்சி, ஒரு...” என்று ஆரம்பித்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கச் சிரித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். புருஷன் பேர் சோப்பில் வருகிறதே என்று. மறுநாள் போய், வீட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று, பேர் நிற்கும் என்று சொல்லிவிட்டேன். இருபதாயிரத்தில் ஐயாயிரம் தாளுக்குப் பேர் ஏற்றிவிட்டோம். படத்தில் பெண், அடியில் மாடசாமி.

இரண்டு மாதம் கழித்துத் தவசிக்கனி அண்ணாச்சி ஒரு வேனோடு வந்தார். வேன் நிறையச் சோப்பு. “வே மாடசாமி, எங்கப்பா பேரு ஊருல ஓடலவே. பேட்டையில வேலை செய்யுத பதினாறு பேரையும் ஆடியோட நிப்பாட்டணும் போலிருக்கு” என்றார். சோப்பு நல்ல சோப்பு அம்மா. நுரைக்கும், கை எரியாது. ஆனால் கடைக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்: யாரும் கேட்கவில்லை. எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார். “பேர் நிக்கும்னு சொன்னது நீதான். ஆடி முடியுறதுக்குள்ள என்னன்னு பாரு. இல்லைன்னா பழையபடி எண்ணுற இடத்துக்கே போயிரு” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கழுகுமலையில் ஒரு பலசரக்குக் கடையில் போய் நின்றேன். காலையிலிருந்து உச்சி வரைக்கும் நின்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்களே, அது பொய். கேட்டார்கள்.

ஒருத்தி வந்தாள். “அண்ணாச்சி, சோப்பு ஒண்ணு குடுங்க.”

“என்ன சோப்பு?”

“அதான், புதுசா வந்துருக்கே.”

“புதுசா நாலு வந்துருக்கும்மா.”

“எங்க வீட்டு ஆளு பேரு போட்டது.”

“உங்க வீட்டு ஆளு பேரு எனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து உங்க கடை பெஞ்சுலதான பொழுது முச்சூடும் உக்காந்திருந்தாரு.”

“அப்படி நாப்பது பேரு உக்காந்திருந்தான் தாயி.”

அவள் வேறு சோப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் கெட்டிக்காரி. குழந்தையை உலுக்கி, “அப்பா பேரு என்ன, மாமாகிட்டச் சொல்லுடி” என்றாள். குழந்தை நன்றாக யோசித்துவிட்டு, “அப்பா பேரு அப்பா” என்றது. அவளும் போய்விட்டாள். மூன்றாவதாக வயதான ஒருத்தி. “என் மாமனார் பேரு. மனுசன் செத்து இருவது வருசமாச்சு. அதுக்காக நான் சொல்லிருவனா? போகட்டும், அந்த நம்பர் போட்ட சோப்பையே குடு” என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “நீரு யாரு, காலையில இருந்து தூண் மாதிரி நிக்கிறீரு?”

“சோப்புக்குப் பேரு வச்ச ஆளு.”

“உம்ம பேரு?”

“மாடசாமி.”

அவர் சிரித்துச் சிரித்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “மூணு வீட்டுக்கு ஒரு மாடசாமி இருக்கிற சீமை. கட்டினவன் பேரை எந்தப் பொம்பளைய்யா வாய்விட்டுச் சொல்லுவா? துணி துவைக்கிறது யாரு, நீரா?” என்றார்.

உங்களுக்கும் சிரிப்பு வருகிறது. சிரியுங்கள். இந்தக் காலத்தில் பெண்கள் எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், என் மருமகள் என் மகனைக் கூப்பிடுகிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும். நல்லதுதான். அன்றைக்கு அப்படி இல்லையே.

வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். “உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?”

“சொல்லச் சொன்னீங்க. சொல்ல முடியல. அதுலயே தெரிய வேணாமா?” என்றாள்.

“சிரிச்சியே?”

“பின்ன அழவா செய்வாக?”

பாருங்கள், இப்படித்தான் பேசுவாள். வேலை போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா? அப்போதுதான் கண்ணில் பட்டது. துவைகல் மேல் பச்சைத் தாள். எங்கள் வீட்டிலேயே அந்தச் சோப்பு. “இதை எப்படி வாங்குன?” என்றேன்.

“கடையிலதான்.”

“கடையில எப்படிக் கேட்ட? பேரைச் சொன்னியா?”

“பேரை எதுக்குச் சொல்லணும்? குடைக்காரி சோப்புன்னு கேட்டேன், எடுத்துக் குடுத்தாரு. இப்ப நம்ம தெருவே அப்படித்தான் கேக்குது. உங்களுக்குத் தெரியாதா?”

அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று தோன்றியது.

இருங்கள், இருங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. கோவில்பட்டியில் இறங்க எழுந்து போகும்போது அந்த வெள்ளரிக்காய்க்காரனும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். நான் சொல்வதைக் கேளுங்கள். அவள் செய்தது கேட்டது. கேட்பது வேறு, வைப்பது வேறு. தெருவில் நூறு பேர் நூறு விதமாகக் கேட்பார்கள். அதில் இதுதான் பேர் என்று எடுத்துக் காகிதத்தில் எழுதினது யார்? மறுநாள் முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தது யார்? மாடசாமி என்று இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று ஓட்டி, அதன் மேல் மஞ்சள் எழுத்தில் குடைக்காரி என்று ஏற்றினால் ஒரு தாள்கூட வீணாகாது என்று கண்டுபிடித்தது யார்? நான். முழுக்க நான்.

தவசிக்கனி அண்ணாச்சிக்கு மனசே இல்லை. அப்பா பேரை அழிப்பதா என்றார். அடியில் சின்ன எழுத்தில், தயாரிப்பு மாடசாமி அன் சன்ஸ் என்று போட்டுத் தருகிறேன், அதை யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம் என்றேன். உங்கள் சோப்பைத் திருப்பிப் பாருங்கள், இன்றைக்கும் இருக்கும். ஐப்பசி வருவதற்குள் பேட்டையில் வேலை செய்கிறவர்கள் இருபத்தெட்டு ஆனார்கள்.

அவர் ஒரு நாள் கேட்டார். “உள்ளதைச் சொல்லும்வே, இந்தப் பேரு எப்படி வந்துச்சு?” நான் அடக்கமாக, “வீட்டுல கேட்டேன் அண்ணாச்சி, சரியா இருந்துச்சு” என்றேன். சோதித்துப் பார்த்தேன் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, அப்படியே டைரியில் எழுதிவிட்டார் போல. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அந்தத் தீபாவளியிலிருந்து அவர் கண்ணை மூடுகிற வரைக்கும், வருஷம் தவறாமல் பேட்டையிலிருந்து பார்சல் வரும். அவளுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை. எனக்கு ஒரு காலண்டர். அதுவும் நானே அச்சடித்துக் கொடுத்த காலண்டர்.

கடம்பூர் வந்துவிட்டதா? போளி வாங்குங்கள், நான் தருகிறேன் காசு. பாருங்கள், போளிக்கு ஊர் பேரே போதும். ஒரு மேஜை இல்லை, பேர் வைக்கிறவன் இல்லை, விற்கிறது.

இப்போதா? இப்போது யாருக்கும் வைப்பதில்லை. ஆறு வருஷமாக ஒன்றும் நிற்கவில்லை. மார்க்கெட் கெட்டுப்போய்விட்டது அம்மா, அதுதான் காரணம். போன வருஷம்கூட ஒரு சத்துமாவுக்காரர் வந்தார். இருபது பேர் எழுதினேன். எல்லாம் நல்ல பேர். சாயங்காலம் உட்கார்ந்து “கேளு” என்று சொல்லிவிட்டு அடுப்படி நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, “என்ன மாமா கேக்கணும்?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் போனில் சாமான் வாங்குகிறவள். அவளுக்குக் கேட்கத் தெரியாது.

அவள் பேரா? எவள் பேர்?

என் வீட்டில் இருந்தவளா? அழைப்பிதழில் இருக்கிறது, பையில்தான் வைத்திருக்கிறேன். இதோ, நீங்களே படித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி எடுக்கவில்லை என்று இல்லை. படித்துவிட்டீர்களா? ஆமாம். அதுதான்.

நீங்கள் வாய்விட்டுப் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான் அவளை எப்படிக் கூப்பிடுவேனா? எப்படிக் கூப்பிடுவது, “கேளு” என்பேன், வந்துவிடுவாள். அவசரம் என்றால் “இந்தா”. பிள்ளை பிறந்த பிறகு பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் வருவாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற அவசியம் வரவில்லை அம்மா. நாற்பத்துநாலு வருஷம். ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட கார்டைத்தான் நீட்டினேன்.

இந்தப் பேச்சு இருக்கிறதே, இதில்கூட, பாருங்கள், என் வீட்டில், என் வீட்டில் என்றே நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். மேடையில் அது போதாது என்கிறீர்களா? வந்தவர்களுக்கு யார் என்று தெரிய வேண்டும் அல்லவா. அதுவும் சரிதான்.

ஒன்று செய்வோமா? இன்னும் தாழையூத்து வரவில்லை, நேரம் இருக்கிறது. என் முறை உங்களுக்குத் தெரியும். காகிதத்தில் பார்த்தால் போதாது, கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் கடைக்காரர் மாதிரி உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான். நான் வாசலில் நிற்கிறேன்.

அண்ணாச்சி, ஒரு...

பொறுங்கள். துண்டு எங்கே? சிரிப்பாக வருகிறது அம்மா. எழுபத்தாறு வயதில் என்ன சிரிப்பு என்று கேட்பீர்கள். வாய் வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. அன்றைக்கு அவளும் நிலையில் நின்று இப்படித்தான்.

சந்தோஷம் என்று நினைத்தேன் பாருங்கள் நான்.

சரி. ஒன்று சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். பேரை வைத்தது நான். அதில் மாற்றமில்லை. ஆனால் கேடயம் அடித்தாகிவிட்டதாம். அச்சாகிவிட்டதைக் கழிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. இருபதாயிரம் தாளையே கழிக்காதவன். அதனால் அவள் பேரே இருக்கட்டும். பேனா இருந்தால் கொடுங்கள், பேச்சில் அந்த நாலு இடத்தையும் திருத்திவிடுகிறேன்.

எழுதியாயிற்று. இனிமேல்தான் கஷ்டம். தாழையூத்து வந்துவிட்டது, ஆட்கள் இறங்குகிறார்கள், கூச்சலாக இருக்கிறது. அதுவும் நல்லதுதான், மண்டபமும் இப்படித்தான் இருக்கும். நீங்கள் அந்தக் கடைசி ஜன்னல் பக்கம் போய் உட்காருங்கள். ஒரே ஒரு தடவை. தடுக்கினால் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது.

சுப்புத்தாய்.

அங்கே கேட்டதா அம்மா?